பொறியியல் பட்டக் கல்வியும் தொழில்துறையின் தேவையும்

பொறியியல் பட்டதாரிகளுக்கு வேலைத்திறன் போதவில்லை என்ற குறை தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் எழுகிறது. பழி பெரும்பாலும் பாடத்திட்டத்தின் மேல் விழுகிறது. ஆனால் எந்தத் தொழில்துறைக்கு எந்தத் திறன் வேண்டும் என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கட்டடவியல், இயந்திரவியல், மின்னியல் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே தேர்வை வைக்கின்றன. கணக்குத்திறன், ஆங்கிலம், ஓரளவு நிரலாக்கம் ஆகியவையே அளவுகோல். சேர்ந்தபின் சில மாதங்கள் அவையே பயிற்சி தருகின்றன. இன்ஃபோசிஸ் மைசூரில் அதற்கென்றே பெரிய வளாகம் வைத்திருக்கிறது. மாணவர் படித்த வெப்ப இயக்கவியலை அங்கே யாரும் கேட்பதில்லை. பாடத்தைப் பார்த்து ஆளெடுக்காதவர்கள் பாடம் சரியில்லை என்று சொல்வது விந்தைதான்.

உண்மையான இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரின் பம்பு, வார்ப்புத் தொழிற்கூடங்களுக்கும் ஓசூர், திருப்பெரும்புதூர் வாகனத் தொழிற்சாலைகளுக்கும் வரைபடத்தைப் படிக்கவும், வார்ப்பில் ஏன் துளை விழுந்தது என்று காரணம் தேடவும் தெரிந்தவர் வேண்டும். இவை பாடத்திட்டத்தில் உண்டு, கைப்பழக்கத்தில் இல்லை. பல கல்லூரிகளில் ஒரு கடைசல் இயந்திரத்தைச் சுற்றிப் பத்துப்பேர் நிற்க, ஒருவர் மட்டும் இயக்குகிறார். மற்றவர்கள் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிக்கொள்கிறார்கள். இறுதியாண்டு புராஜெக்ட் கடையில் விலைக்குக் கிடைப்பதும் ஊரறிந்த செய்திதான். வாய்மொழித் தேர்வு நடத்துபவருக்கும் அது தெரியும்.

சீர்திருத்தங்கள் வராமலில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் மொத்த மதிப்பலகுகளை 160 ஆகக் குறைத்து, தொழிலகப் பயிற்சிக்கு இடம் தந்தது. தமிழ்நாடு அரசு 2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் பயனுள்ளவையே. எனினும் சான்றிதழ் மட்டும் வாங்கி வந்தால் போதும் என்று கல்லூரி இருந்துவிட்டால், தொழிலகப் பயிற்சியும் இன்னொரு ரெக்கார்டு நோட்டாகிவிடும்.

ஆசிரியர் பக்கம் பார்வை அதிகம் செல்வதில்லை. அறுவை மருத்துவம் கற்பிப்பவர் தாமும் அறுவை செய்பவர். பொறியியலிலோ பி.இ., எம்.இ. முடித்து, ஒருநாளும் தொழிற்கூடத்தில் வேலை பார்க்காதவரும் உதவிப் பேராசிரியர் ஆகலாம். தொழிலக அனுபவம் அப்பணிக்குக் கட்டாயத் தகுதியன்று. அதைத் தகுதியாக்கினால் தொழிலகச் சம்பளத்துக்கு ஈடாகக் கல்லூரி கொடுக்க வேண்டிவரும். வேலைவாய்ப்பு விளம்பரத்துக்குச் செலவிடும் நிர்வாகங்கள் இந்தச் செலவைப் பற்றி வாய்திறப்பதில்லை.