நிகழாப் பேரிடரின் செய்திமொழி: வான்வெளி முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை

முன்னுரை

நிகழ்ந்த விபத்தைச் செய்தியாக்குவதும் தவிர்க்கப்பட்ட விபத்தைச் செய்தியாக்குவதும் ஒன்றல்ல. முன்னதில் சேதம் கண்கூடு. பின்னதில் சேதமே இல்லை. அவ்வெற்றிடத்தைக் கற்பனைச் சேதத்தால் நிரப்பும்போது செய்தி பரபரப்பாகிறது. விமானங்கள் மோதலைத் தவிர்த்த செய்திகளில் இவ்வியல்பு தெளிவாகப் புலப்படும். அதே செய்திமொழி முல்லைப் பெரியாறு அணை தொடர்பாகவும் செயற்பட்டதையும், அதன் விளைவைக் கம்பம் பள்ளத்தாக்கின் தொழிலாளர் சுமந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

'நூலிழை' என்னும் சொல்

2018 ஜூலை 10 அன்று பெங்களூரு வான்பகுதியில் இண்டிகோ நிறுவனத்தின் இரு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கின. ஒன்று கோயம்புத்தூரிலிருந்து ஐதராபாத்துக்கும் மற்றொன்று பெங்களூருவிலிருந்து கொச்சிக்கும் சென்றவை. பயணிகள் 328 பேர். செங்குத்து இடைவெளி 200 அடி. செய்திகள் இவ்விரு எண்களையே முன்னிறுத்தின. ஆனால் கிடைமட்டத் தொலைவும் விமானங்கள் ஏறிய வேகமும் தெரியாமல் 200 அடி என்பது முழுப்பொருள் தராது.

அன்று விமானங்களிலிருந்த மோதல் தவிர்ப்புக் கருவி எச்சரித்தது. விமானிகள் அதன்படி விலகினர். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் உயிரிழந்த பின்னரே இக்கருவி இந்திய வான்வெளியில் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே 2018இல் பயணிகளைக் காத்தது பழைய இழப்பிலிருந்து பெற்ற பாடம். 'நூலிழையில் தப்பினர்', 'அதிர்ஷ்டவசமாக' போன்ற வழக்கமான தொடர்கள் இதனை மறைக்கின்றன. கருவி எச்சரிக்கும் நிலை வரை இடைவெளி குறைந்தது எதனால் என்னும் வினாவும் உடன் மறைகிறது. பரபரப்பு அபாயத்தை மிகைப்படுத்துவதோடு, உண்மையில் ஆராய வேண்டிய அபாயத்தைப் பார்வையிலிருந்து அகற்றியும் விடுகிறது.

அணையும் 35 லட்சமும்

1895இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. அதன் நீர் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெற்சாகுபடிக்கு ஆதாரம். 1979இல் பாதுகாப்பு ஐயங்களால் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணையை வலுப்படுத்தும் பணிகள் தொடங்கப்பட்டன.

2011இல் இடுக்கியில் உணரப்பட்ட சிறு நிலநடுக்கங்களைத் தொடர்ந்து, அணை உடைந்தால் 35 லட்சம் பேர் மடிவர் என்னும் எண் ஊடகங்களில் மீண்டும் மீண்டும் ஒலித்தது. இவ்வெண் ஒரு தொடர் நிபந்தனையைச் சார்ந்தது: முல்லைப் பெரியாறு உடைய வேண்டும், அதன் நீரைக் கீழுள்ள இடுக்கி அணைத்தொகுதி தாங்காமற்போக வேண்டும். அத்தொகுதி அந்நீரைத் தாங்கும் என்று கேரள அரசின் தலைமை வழக்குரைஞரே 2011 டிசம்பரில் அம்மாநில உயர்நீதிமன்றத்தில் கூறினார். அக்கூற்று பெரும் அரசியல் சர்ச்சையாயிற்று. அதிலடங்கிய பொறியியல் வினா பின்தள்ளப்பட்டது. விமானச் செய்தியில் கருவி பெற்ற இடமே இங்குக் கீழணைக்கும் கிடைத்தது.

விமானச் செய்தி படித்தவரின் அச்சத்தோடு முடிந்தது. அணைச் செய்தி அவ்வாறு முடியவில்லை. கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் பலர்; அவர்களுள் பெண்கள் மிகுதி. டிசம்பரில் இடுக்கியில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர். பள்ளத்தாக்கு மக்கள் குமுளி நோக்கித் திரண்டனர். எல்லைப் போக்குவரத்து முடங்கியது. தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகளும் தாக்குதலுக்குள்ளாயின. இத்தனைக்கும் செய்திமொழி ஒன்றே காரணமன்று. மாநில அரசியலும் நீருரிமை வழக்கும் பின்னணியில் இருந்தன. எனினும் நிபந்தனை வாக்கியத்தை உறுதி வாக்கியமாக மாற்றியதில் ஊடகத்துக்குப் பங்குண்டு. தமிழ் இதழ்களின் 'கொந்தளிப்பு', 'முற்றுகை' ஆகிய சொற்களும் இதே மரபைச் சேர்ந்தவை. அச்சொற்களில் தொழிலாளி இன உணர்வின் சான்றாக நிற்கிறார். அவர் இழந்த கூலி நாள்கள் இடம்பெறுவதில்லை.

நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான உயர் அதிகாரக் குழு 2012இல் அணை நீரியல், கட்டுமான, நிலநடுக்க நோக்குகளில் பாதுகாப்பானது என்றது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று 142 அடி வரை நீர் தேக்க ஒப்புதலளித்து, கண்காணிப்புக் குழுவையும் அமைக்கப் பணித்தது. பழமையான அணைக்குத் தொடர்ந்த ஆய்வு தேவை என்பதை இது மறுக்கவில்லை. அத்தகைய ஆய்வு குறித்த செய்திகளே மக்களுக்குப் பயன்படுவன.

முடிவுரை

நிகழாப் பேரிடரைச் செய்தியாக்கலாகாது என்பது பொருந்தாது, மௌனமும் ஆபத்தானதே. எத்தடுப்பு தவறியது, எத்தடுப்பு தாங்கியது, கூறப்படும் எண் எந்நிபந்தனையில் பொருந்தும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடையளிக்கும் செய்தி அச்சத்தை அறிவாக்கும். 2011 நவம்பர், டிசம்பர் மாதத் தமிழ், மலையாள நாளிதழ்களை இவ்வினாக்களால் ஒருசேர ஒப்பிடுவது இத்துறை ஆய்வுக்கு உடனடித் தேவை.