கவிதையும் வாக்குமூலமும்: கிஷினேவ் படுகொலைச் சான்றுகளின் நம்பகத்தன்மை

ஒரு நிகழ்ச்சியைப் பற்றி ஒருவரே இருவகைச் சான்றுகளை விட்டுச் சென்று, அவை ஒன்றற்கொன்று மாறுபட்டு நிற்குமாயின் ஆய்வாளர் எதனை ஏற்பது? எபிரேயக் கவிஞர் ஹயிம் நஹ்மான் பியாலிக் இத்தகைய சிக்கலை வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுச் சென்றுள்ளார். 1903ஆம் ஆண்டு கிஷினேவ் நகரில் யூதர்மீது நிகழ்ந்த வன்முறை பற்றி அவர் திரட்டிய வாக்குமூலங்கள் ஒருபுறம். அதே நிகழ்ச்சி பற்றி அவர் இயற்றிய ‘கொலை நகரில்’ என்னும் நெடுங்கவிதை மறுபுறம். உலகம் அறிந்தது கவிதையை மட்டுமே. அதனால் விளைந்ததை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கிஷினேவ் அன்று ருஷ்யப் பேரரசின் பெசராபிய மாகாணத் தலைநகர். இன்று மால்டோவா நாட்டின் தலைநகர். 1903 ஏப்ரல் 19, 20 ஆகிய நாள்களில் (அன்றைய ருஷ்ய நாட்காட்டியின்படி 6, 7) ஈஸ்டர் திருநாளை ஒட்டி அங்கு யூதர் தாக்கப்பட்டனர். 49 யூதர் கொல்லப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர், பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர், வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. நகரில் படை இருந்தும் இரண்டாம் நாள் மாலைக்குப் பின்னரே அது முறையாக ஏவப்பட்டது. ஏவப்பட்டதும் வன்முறை விரைவில் அடங்கிற்று என்பது கருதத்தக்கது.

செய்தி பரவியதும் ஒதெசாவில் வரலாற்றறிஞர் சைமன் துப்னோவ் முதலியோர் கூடி, உண்மைகளைத் திரட்ட ஒரு குழு அமைத்தனர். அக்குழுவின் சார்பில் முப்பது வயதினரான பியாலிக் கிஷினேவுக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்கள் அங்குத் தங்கி, உயிர் தப்பியோரிடம் நேரில் கேட்டுக் குறிப்பேடுகளை நிரப்பினார். எந்தத் தெரு, எந்த முற்றம், யார் வந்தனர், காவலர் எங்கு நின்றனர் என்னும் முறையில் அமைந்த குறிப்புகள் அவை. அவற்றைக் கொண்டு அவர் எழுத வேண்டியிருந்த அறிக்கை எழுதப்படவேயில்லை. கவிதை பிறந்தது. குறிப்பேடுகள் யாகோவ் கோரன் என்பாரால் பதிப்பிக்கப்பெற்று நூலாக வெளிவந்த ஆண்டு 1991. இடைப்பட்ட 88 ஆண்டுகளும் கவிதையே சாட்சியாக நின்றது.

கவிதையில் இறைவன் குரலாக ஒலிக்கும் பேச்சு, கேட்போனை நகரின் முற்றங்களுக்கும் மாடங்களுக்கும் நிலவறைகளுக்கும் அழைத்துச் செல்கிறது. கொன்றோர்மீது எழும் சினத்தைக் காட்டிலும், ஒளிந்துகொண்டு தம் பெண்டிர் சிதைக்கப்படுவதைப் பார்த்திருந்த ஆடவர்மீது பொழியப்படும் இகழ்ச்சியே அதில் மேலோங்குகிறது. குறிப்பேடுகளிலோ தடியும் கையில் அகப்பட்டதும் கொண்டு எதிர்த்தோர் உள்ளனர். இரண்டாம் நாள் காலையில் யூதர் சிலர் திரண்டு நின்றதும் அவர்கள் கலைக்கப்பட்டதும் பிற சான்றுகளாலும் தெரிய வருகின்றன. இவற்றைத் தம் செவியால் கேட்டவர் கவிஞர். கவிதையில் இவற்றுக்கு இடமில்லை.

இதனைப் பொய் என்று கூறுதல் பொருந்தாது. பியாலிக் மேற்கொண்டது எபிரேயத் தீர்க்கதரிசிகளின் கண்டன மரபு. அம்மரபில் பழி சொந்த மக்கள்மீதே சுமத்தப்படும். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அட்டு உண்பதைக் கொண்டு மடிந்தோர் தொகையை நம்மில் எவரும் கணக்கிடுவதில்லை. ஆனால் புறப்பாடல்களைக் கொண்டு அரசர் வரலாறு கட்டும்போது அத்தனை எச்சரிக்கையாக இருந்தோமா என்பது ஐயமே. இலக்கிய வகையின் இலக்கணத்தை அறியாது அதன் உள்ளடக்கத்தைச் சான்றாக்குவதே பிழை. கிஷினேவ் ஆடவர் கோழைகள் என்னும் கருத்து வரலாற்றுச் செய்திபோல் நிலைபெற்றமைக்கு இப்பிழையே பெருங்காரணம் எனலாம். கவிதை இளைஞரிடையே தற்காப்பு உணர்வைத் தூண்டிற்று என்பது உண்மையே. அது கவிதையின் விளைவுக்குச் சான்று. ஏப்ரல் 20 அன்று முற்றங்களில் நடந்ததற்குச் சான்று ஆகாது.

மற்றொரு செய்தியும் இங்கு நோக்கத்தக்கது. ருஷ்யத் தணிக்கையைக் கடக்கும்பொருட்டு இக்கவிதை முதலில் ‘நெமிரோவின் பாரம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. நெமிரோவ் 1648இல் உக்ரைனில் யூதர் கொலையுண்ட ஊர். தலைப்பை மட்டும் நம்பும் ஆய்வாளர் கவிதையின் பொருளை இரண்டரை நூற்றாண்டுகள் பின்னே கொண்டு வைத்துவிடுவார்!

அவ்வாறாயின் வாக்குமூலங்களை அப்படியே ஏற்கலாமா? அவையும் ஆராயப்பட வேண்டியனவே. நிகழ்ச்சிக்குச் சில வாரங்களுக்குப் பின், துயரினிடையே கூறப்பட்டவை அவை. அதற்குள் செய்தித்தாள்களும் ஊர்ப்பேச்சும் கொடுமைகளைப் பலவாறு பரப்பியிருந்தன. ஒரே கொடுமை நாளிதழிலும் வாக்குமூலத்திலும் கவிதையிலும் காணப்பட்டால் சான்று மூன்று என எண்ணிவிடலாகாது. ஒன்றிலிருந்து மற்றொன்று பெற்றதா என்பதே முதல் வினா. தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் சாட்சி வேறுபடுத்திக் கூறுகிறாரா என்பது அடுத்த வினா.

எதிர்ப்பக்கச் சான்றுகளின் நிலை வேறு. மாகாணத்தின் நாளிதழான ‘பெசராபெட்ஸ்’, அதன் நிறுவனர் பாவெல் குருஷெவான் கைப்பட்டு யூத வெறுப்பைப் பரப்பி வந்தது. துபோசாரியில் இறந்து கிடந்த கிறித்தவச் சிறுவனை யூதர் சடங்கிற்காகக் கொன்றனர் என்னும் வதந்தியை அது வளர்த்தது. விசாரணையில் அக்குற்றச்சாட்டு பொய் என்பது தெளிவாயிற்று. சிறுவன் சாவு பற்றி அவ்விதழ் பயனற்ற சான்று. கொலைக்கு முன் அந்நகரில் மக்கள் எதைப் படித்துக்கொண்டிருந்தனர் என்பதற்கோ அதைவிடச் சிறந்த சான்று இல்லை. இதே குருஷெவான்தான் 1903 ஆகஸ்டு, செப்டம்பரில் ‘சீயோன் மூப்பர்களின் ஏற்பாடுகள்’ என்னும் போலி ஆவணத்தை முதன்முதலில் அச்சிட்டவர். அது மோரிஸ் ஜோலி 1864இல் எழுதிய பிரெஞ்சு அரசியல் நூலிலிருந்து திருடியது என்பதை 1921இல் லண்டன் ‘டைம்ஸ்’ இதழ் வெளிப்படுத்தியது.

அந்த ‘டைம்ஸ்’ இதழே 1903 மே மாதத்தில் வேறொரு ஐயத்திற்குரிய ஆவணத்தை வெளியிட்டிருந்தது. ருஷ்ய உள்துறை அமைச்சர் பிளேவே பெசராபிய ஆளுநருக்கு முன்கூட்டியே எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம் அது. கலவரம் எழுந்தால் படைக்கலம் பயன்படுத்த வேண்டா என்பது அதன் கருத்து. யூதர் பக்கம் நின்றோர் பலர் அதனை நம்பினர். பேரரசு வீழ்ந்தபின் ஆவணக்காப்பகங்கள் திறக்கப்பட்டு, துப்னோவும் கிராஸ்னி-அத்மோனியும் கிஷினேவ் ஆவணங்களை 1919இல் தொகுத்து வெளியிட்டனர். அக்கடிதத்தின் மூலம் கிடைக்கவில்லை. இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் அதனைப் போலி என்றே கொள்கின்றனர்.

இங்கேதான் திறனாய்வாளர் மிக விழிப்புடன் இருத்தல் வேண்டும். கடிதம் போலியானால் அமைச்சர் நேரடியாக ஆணையிட்டார் என்னும் கூற்று மட்டுமே வீழ்கிறது. 49 பேர் கொல்லப்பட்டதும், படை தாழ்த்து ஏவப்பட்டதும், நாளிதழ் நஞ்சு பரப்பியதும் அக்கடிதத்தைச் சார்ந்து நிற்பன அல்ல. ஒரு சான்றின் வீழ்ச்சியைக் காட்டி நிகழ்ச்சியையே மறுப்போர் உளர் என அஞ்சி, ஐயத்திற்குரிய சான்றுகளைத் தொடாமல் விடும் போக்கும் ஆய்வுலகில் உண்டு. அவ்வச்சம் மறுப்போர்க்கே துணை செய்கிறது; ஏனெனில் போலியை முதலில் சுட்டிக்காட்டும் வாய்ப்பு அவர்களுக்குச் சென்றுவிடுகிறது.

குறிப்பேடுகளில் உள்ள எதிர்ப்பின் செய்திகளும் இவ்வச்சத்திற்கு உட்பட்டனவே. யூதரே முதலில் தாக்கினர், அதனாலேயே இரண்டாம் நாள் வன்முறை பெருகிற்று என்று தாக்கியோர்க்குப் பரிந்து பேசியோர் வாதிட்டனர். எனவே தடி ஏந்தியோரை எடுத்துரைப்பது அன்று இடர்ப்பாடுடையதாக இருந்தது. கவிஞரின் மௌனத்திற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று கருத இடமுண்டு. காரணம் எதுவாயினும், முற்றத்தில் எதிர்த்து நின்றவரை ஒரு பக்கத்தார் கலகக்காரர் என்றனர். கவிதையோ அவரை நிலவறையில் ஒளிந்தவரோடு சேர்த்துவிட்டது. அவர் சொன்னது மட்டும் கவிஞரின் கையெழுத்திலேயே குறிப்பேட்டில் இருந்தது.