களஞ்சியமும் மன்னாவும்

நாளைக்கென்று பொருளை எடுத்து வைத்தல் விவேகமா, அவிசுவாசமா என்னும் வினா கிறிஸ்து மார்க்கத்தோடு உடன்பிறந்தது. வேத சாஸ்திரிகளும் துறவிகளும் வணிகர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதற்கு விடை தேடி வந்திருக்கின்றனர். விடை எளிதில் அகப்படாமைக்குக் காரணம் வேதாகமத்திலேயே உள்ளது. எகிப்து தேசத்தில் செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து, பின்வந்த ஏழாண்டுப் பஞ்சத்தில் பலருடைய உயிரைக் காத்த யோசேப்பின் முன்யோசனையை ஆதியாகமம் பெருமிதத்தோடு வருணிக்கிறது. அதனை அடுத்து வரும் யாத்திராகமமோ, வனாந்தரத்தில் கிடைத்த மன்னாவை விடியும்வரை பதுக்கி வைத்தவர்களுடைய பாத்திரங்களில் புழு நெளிந்த செய்தியைச் சொல்கிறது. நீதிமொழிகள் சோம்பேறிக்கு எறும்பை ஆசானாக நியமிக்க, மலைப் பிரசங்கம் களஞ்சியமே இல்லாத பறவைகளைச் சுட்டிக் காட்டுகிறது.

இவ்விரு போக்குகளையும் இணைத்து நோக்குவதற்கு, லூக்கா எழுதிய சுவிசேஷத்திலுள்ள ஐசுவரியவானின் உவமையே தக்க வாயில். நிலம் அமோகமாய் விளைந்தபோது பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டத் திட்டமிட்டு, அன்றிரவே மாண்டுபோன அந்த மனிதன் எண்ணியதும் யோசேப்பு செய்ததும் வெளித்தோற்றத்தில் ஒரே காரியந்தான். ஆயினும் யோசேப்பின் சரித்திரத்தில் அரசனும் குடிகளும் அயல்நாட்டிலிருந்து வந்த சகோதரர்களும் நிறைந்திருக்க, இந்தச் செல்வனோ தன் ஆத்துமாவைத் தவிர வேறொருவரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சேர்த்து வைத்தலைக் காட்டிலும், பிறர் எவரையும் நினையாது தனக்கென்றே சேர்த்து வைத்தல்தான் அங்குக் குற்றமாகிறது என்பது என் துணிபு.

எருசலேமின் முதற் சபையார் நிலங்களையும் வீடுகளையும் விற்றுப் பொதுவில் வைத்தனர். அவ்வழக்கம் எல்லாச் சபைகளுக்கும் சட்டமாகவில்லை. 200-ஆம் ஆண்டையொட்டி அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, வாணிகச் செழிப்பு மிக்க அந்நகரத்துக் கிறிஸ்தவர்களுக்காக, இரட்சிப்படையத்தக்க செல்வன் யார் என்பதைப் பற்றி ஒரு நூல் இயற்றி, துறக்க வேண்டியது பொருளின்மேலுள்ள பற்றையே என்று வாதித்தார். ஆறுதல் தரும் விளக்கம் அது. ஆறுதல் தருவதனாலேயே அபாயமானதுங்கூட. அவ்வளவில் அமைதி கொள்ளாதவர் எகிப்தின் வனத்து அந்தோணியார். பெற்றோரை இழந்து, 300 அரூரா அளவுள்ள நல்ல நிலத்திற்கு உரியவராயிருந்த அவ்விளைஞர், சுமார் 270-ஆம் ஆண்டில், ஆலயத்தில் வாசிக்கப்பட்ட சுவிசேஷ வசனத்தைக் கேட்ட மாத்திரத்தில் நிலத்தை ஊராருக்குக் கொடுத்து, மற்றப் பொருள்களை விற்று ஏழைகளுக்கு ஈந்து, தம் தங்கைக்கென்று மட்டும் சிறிது ஒதுக்கி வைத்தார். மறுபடி ஆலயத்திற்குச் சென்றபோது நாளையைக் குறித்துக் கவலைப்படாதிருக்கச் சொல்லும் வசனம் காதில் விழவே, அந்தச் சிறு தொகையையும் தானஞ்செய்து, தங்கையைக் கன்னியர் குழுவொன்றில் ஒப்படைத்தார் என்று அத்தனாசியு எழுதிய சரித்திரம் கூறுகிறது. அந்தோணியாரின் தியாகத்தின் முன் தலை வணங்கும் நான், அந்தத் தங்கையின் பங்கை மட்டும் மறக்க இயலாதவனாயிருக்கிறேன்; குடும்பஸ்தர் சேமிப்பதெல்லாம் பெரும்பாலும் அத்தகைய பங்குகளையே அன்றோ?

அதற்கு ஒரு நூற்றாண்டின் பின், கப்பதோக்கியா நாட்டில் 369-ஆம் ஆண்டையொட்டிக் கொடிய பஞ்சம் பரவியபோது, பெருங்குடியிற் பிறந்த பசிலியு அதே ஐசுவரியவானின் உவமையை எடுத்துப் பிரசங்கித்து, தேவைக்கு மேல் பூட்டி வைத்த உணவும் உடையும் பசித்தோர்க்கும் ஆடையற்றோர்க்கும் உரியன என்று செல்வரை இடித்துரைத்தார். சொல்லோடு நில்லாமல், செசரியா நகருக்கு வெளியே நோயாளிகளும் தொழுநோயாளரும் வழிப்போக்கரும் தங்குதற்கேற்ற பெரியதோர் தர்மஸ்தாபனத்தையும் அவர் நிறுவினார். பேராசைக்காரனுடைய களஞ்சியத்தைக் கண்டித்தவர் ஏழைகளுக்கென ஒரு களஞ்சியத்தைக் கட்டியெழுப்பினார். அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோமும், மிலானில் அம்புரோசும் இதே உபதேசத்தைத் தத்தம் நாவன்மையால் முழங்கினர்.

இடைக்காலத்தில் வாதம் வட்டியின்மேல் திரும்பிற்று. பகிரங்கமாய் வட்டி வாங்குவோர்க்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் இல்லையென்று 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் விதித்தது. தாமஸ் அக்குவினாஸ் தனியுடைமையை ஒப்புக்கொண்டு, அதன் பயனைப் பொதுவாக்கினார். அக்காலத்து நிகழ்ச்சிகளுள் என்னைப் பெரும் வியப்பில் ஆழ்த்துவது பிரான்சிஸ்கன் துறவிகளின் செயலாகும். நாணயத்தைக் கையால் தொடவும் ஆகாதென்று தம் சகோதரர்க்கு விதித்தவர் அசிசி பிரான்சிஸ். அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே 1462-இல் பெரூஜியா நகரில், நன்கொடைகளால் நிதி திரட்டி, ஏழைகளுக்கு அடகின்பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும் தர்ம அடகு நிலையத்திற்கு அடிகோலினர். ஊழியர் சம்பளத்திற்கும் நிர்வாகச் செலவுக்கும் வாங்கும் அற்ப வட்டியும் பாவமே என்று தொமினிக்கன் சபையார் எதிர்த்தனர். அரை நூற்றாண்டு நீடித்த அவ்விவாதத்தை, 1515-இல் பத்தாம் லியோ பாப்பரசர் ஐந்தாம் லாத்தரன் சங்கத்தில் இந்நிலையங்களுக்கு அனுமதி அளித்து முடித்து வைத்தார். இந்நற்பணிக்காகப் பிரசங்கித்தவர்களுள் சிலர், கடன் கொடுத்துவந்த யூதர்கள்மேல் ஜனங்களின் துவேஷத்தை மூட்டிவிட்டதும் உண்மை. அக்களங்கத்தை மறைப்பது சரித்திரத்திற்குச் செய்யும் துரோகம்.

1545-இல் கால்வின் எழுதிய ஒரு கடிதம், ஏழையின் இடுக்கண் தீர்க்கும் கடனையும் தொழில் முதலாகும் கடனையும் வேறுபடுத்தி, பின்னதற்கு அளவான வட்டியை அனுமதித்தது. சீர்திருத்தச் சபையாரின் சிக்கனமும் உழைப்பும் முதலாளித்துவத்திற்கு வித்திட்டன என்னும் மாக்ஸ் வேபரின் 1904–05-ஆம் ஆண்டுக் கட்டுரைகளும், அதே பொருள்பற்றி 1926-இல் வெளிவந்த டானியின் நூலும் கற்றோர் நன்கறிந்தவை. அவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவற்றினும் கவனிக்கத்தக்கவர் நாட்டுப்புறத்தில் ஊழியம் செய்த ஒரு ஸ்காத்லாந்துப் போதகர். ஏழை நிவாரணத்தை வரியிலிருந்து வழங்குவது ஏழையின் சுயமரியாதையைக் கெடுக்கும் என்று கருதிய ஹென்றி டங்கன், 1810-இல் தம் ரத்வெல் சபையில், ஆறு பென்ஸ் போன்ற அற்பத் தொகையையும் ஏற்று வட்டி தரும் சேமிப்பு நிலையத்தைத் தொடங்கினார். பெரிய வங்கிகளின் வாசற்படி ஏற இயலாத பண்ணையாட்களும் வேலைக்காரப் பெண்களும் முதல்முறையாகத் தம் கூலியைப் பத்திரமாய் வைக்க ஓரிடம் பிறந்தது. ஜெர்மனியில் 1846–47-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கிராமத் தலைவராயிருந்த பிரீட்ரிக் ரைபைசன், முதலில் ரொட்டிச் சங்கம் அமைத்து, பின் 1864-இல் ஹெடஸ்டோர்பில் கடன் சங்கம் நிறுவி, கிறிஸ்தவ அயலன்பே அதன் மூலதனம் என்று நம்பினார். சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பாவது அவருடைய சங்கங்களின் விதி. மிச்சமாகும் சேமநிதியோ எவராலும் பங்கு போட்டுக்கொள்ளப்படாமல் பொதுவாகவே இருக்கும். சென்னை அரசாங்கத்திற்காக 1895-லும் 1897-லும் விவசாய வங்கிகளைப் பற்றி இரு பாகங்களாக அறிக்கை எழுதிய பிரடெரிக் நிக்கல்சன், ரைபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டடைவதே சென்னை மாகாணத்துக் குடியானவர்களின் கடன்தீர வழி என்ற முடிவுக்கு வந்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும், அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் ஏற்பட்டதும் அதன் விளைவுகளே. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை ஈடு வைத்து உரத்திற்குக் கடன் வாங்கும் உழவர், ரைன் நதிப்பக்கத்து விசுவாசி ஒருவரின் சிந்தனைக்கு இவ்வகையில் கடன்பட்டவராகிறார்.

சேமிப்பையே மறுத்தவர்களும் இருந்தனர். பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர், எவரிடமும் கையேந்தாமல் ஜெபத்தை மட்டுமே நம்பி ஆயிரக்கணக்கான அநாதைகளைப் போஷித்தார். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பொருளுதவி வேண்டி விண்ணப்பிக்காத அதே நியமத்தைக் கைக்கொண்டார். அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள், தம் முதியோரைச் சபையே தாங்கும் என்று சொல்லி, 1965-இல் சமூகப் பாதுகாப்பு வரியினின்று விலக்குப் பெற்றனர். இவர்கள் களஞ்சியத்தைத் துறந்தது ஒருவரையொருவர் தாங்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டதனால்; காணிக்கை கொடுத்தால் ஐசுவரியம் பன்மடங்காகத் திரும்பும் என்று மேடைதோறும் முழங்கும் இக்காலச் செழிப்பு உபதேசத்தில் அந்தப் பொறுப்பைக் காணோம். ஏழை விசுவாசியின் கடைசிக் காசை இலாப நோக்கமுள்ள முதலீடாக்கும் அவ்வுபதேசத்தை நான் மனமாரக் கண்டிக்கிறேன்.

சேமித்தல் விவேகமா, அவிசுவாசமா என்னும் முதல் வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தவர் மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி. வருஷத்திற்கு 30 பவுன் வருமானம் வந்தபோது 28 பவுனில் வாழ்ந்து இரண்டைத் தர்மஞ்செய்த அவர், வருமானம் 60, 90, 120 என்று உயர்ந்தபோதும் அதே 28 பவுனிலேயே வாழ்ந்து எஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்தார். வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கேட்டு 1776-இல் அதிகாரிகள் எழுதியபோது, லண்டனில் இரண்டும் பிரிஸ்டலில் இரண்டுமாகச் சிறு வெள்ளிக் கரண்டிகளே தமக்குண்டென்று பதிலளித்தார். இயன்ற மட்டும் ஈட்டுக, இயன்ற மட்டும் செலவைச் சுருக்குக, இயன்ற மட்டும் கொடுக்க என்று பணத்தைப் பற்றி அவர் வகுத்த மூன்று விதிகளுள் முதலிரண்டும் அவருடைய ஜனங்களுக்கு இனித்தன. உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைப் பெருக்க, செல்வம் பெருகப் பெருகப் பக்தி தேய்வதைத் தம் கண்ணெதிரே கண்ட அவர், 1789-இல் எழுதிய பிரசங்கத்தில், 50,000 மெதடிஸ்டுகளுள் மூன்றாவது விதியைக் கைக்கொள்வோர் 500 பேரேனும் உண்டா என்று வேதனையோடு கேட்டார். இரண்டே ஆண்டுகளில் மரணமடையும்வரை அக்கேள்வியை அவர் திரும்பப் பெறவில்லை.