'இத்தாலி யாத்திரை': இடிபாடுகளிடையே ஒரு தம்பதி

படக்காட்சி யென்றால் ஆட்டமும் பாட்டும் சண்டையும் நிறைந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் நம்மவருள் வேரூன்றிக் கிடக்கிறது. ஒரு கணவனும் மனைவியும் அயல்நாட்டுப் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பதையே கதையாகக் கொண்ட படமொன்று உண்டெனக் கூறினால், "அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பவரே பலராவர். அங்ஙனம் கேட்கும் நேயர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். நாம் எடுத்துக்கொண்ட படம், இத்தாலிய இயக்குநர் ரொபெர்ட்டோ ரோசெல்லினி 1953-ஆம் ஆண்டில் எடுத்து, 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இத்தாலி யாத்திரை' என்பதாம். மனைவியாக இங்க்ரிட் பெர்க்மனும், கணவனாக ஜார்ஜ் ஸாண்டர்ஸும் நடித்துள்ளனர்.

வெளிவந்த காலத்தில் இப்படம் பொருளீட்டவில்லை. இத்தாலியில் அதனைப் பழித்தவரே மிகுதி. ஆயினும் 1955-இல் ஜாக் ரிவெத் என்னும் இளம் பிரெஞ்சு விமர்சகர் இதனைப் பெரிதும் போற்றி எழுதினார். அன்றுமுதல் இதன் புகழ் வளர்ந்தே வந்துள்ளது. பழித்தவர் கூற்றிலும் ஓர் உண்மை உண்டு. போற்றுவார் கூற்றிலும் ஒரு குறை உண்டு. இவ்விரண்டையும் நடுநிலையில் நின்று ஆராய்வதே நமது நோக்கமாகும்.

முதலில் கதையைச் சுருங்கக் கூறுவோம். அலெக்ஸ் ஜாய்ஸ், காதரின் ஜாய்ஸ் என்போர் செல்வமிக்க ஆங்கிலத் தம்பதிகள். மணமாகி எட்டாண்டுகள் ஆகின்றன. நேப்பிள்ஸ் நகருக்கருகில் உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற மாளிகையை விற்றுப் பணமாக்கும் பொருட்டுத் தம் காரில் இத்தாலிக்கு வருகின்றனர். மணமான பிறகு தாமிருவரும் மெய்யாகவே தனித்திருப்பது இதுவே முதன்முறை என்பதனை வழியிலேதான் காதரின் உணர்கிறாள். எட்டாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவர் ஒருவரையொருவர் அறியாதவராய் இருக்கின்றனர்! ஊரில் இருந்தபோது அவன் அலுவலும், அவளது வீட்டுக் கடமைகளும், வருவார் போவார் உபசாரமும் இக்குறையை மூடி மறைத்திருந்தன. பிரயாணம் அந்த மூடியை எடுத்துவிட்டது. இதனைச் சொற்பொழிவின்றி, காருக்குள் நிகழும் சிறு பேச்சுகளாலும் அவற்றிடையே விழும் மௌனத்தாலும் இயக்குநர் காட்டியிருக்கும் திறம் மெச்சத்தக்கது.

அலெக்ஸ் என்பவன் எத்தகையவன்? வேலை, கணக்கு, காலம் தவறாமை, இவையே அவனுக்கு வேதம். அந்நாட்டு மக்கள் சோம்பேறிகள் என்பது அவன் துணிபு. நண்பகலில் வேலையாட்கள் சற்றே கண்ணயர்ந்தால் அவனுக்குப் பொறுப்பதில்லை. அவர்தம் மொழியில் நாலு சொற்கள் கற்றுக்கொள்ள முயலாது, தன் மொழி அவர்க்கு விளங்கவில்லையே என்று சினக்கிறான். பாட்டன் பாட்டியர் வாயிலாகத் தோட்டத்துத் துரைமாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நம் மலைநாட்டுத் தமிழர்க்கு இவனை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. நெற்றி வியர்வை சிந்துவோரைப் பார்த்து, வியர்வை சிந்தாதவன் சோம்பேறி யென்பது உலகெங்கும் நடக்கும் வழக்கம்தானே! இப்படத்தில் அவன் காப்ரித் தீவுக்குச் சென்று பொழுதுபோக்க முயல்கிறான்; அங்கும் அமைதி பெறாது திரும்புகிறான்.

நிற்க. காதரின் கணவனின்றித் தனியே ஊர் பார்க்கப் புறப்படுகிறாள். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நேப்பிள்ஸ் தொல்பொருட் காட்சிசாலையில் முதிய வழிகாட்டி ஒருவர் அவளுக்குச் சிலைகளைக் காட்டிச் செல்கிறார். ரோமாபுரியில் காராகல்லா நீராட்டு மண்டபத்தின் இடிபாடுகளில் பதினாறாம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்ட பர்னேஸே ஹெர்குலிஸ் சிலையும், திர்க்கே என்னும் பெண்ணைக் காளையொடு பிணைக்கும் கோரக் காட்சியைக் காட்டும் பெருஞ்சிற்பமும் அங்குள்ளன. காதரின் மனத்திலோ வேறொரு நினைவு. அவளை முன்னாளில் நேசித்து மாண்டுபோன இளங்கவிஞன் ஒருவன், போர்க்காலத்தில் இந்நாட்டில் இருந்தபோது பாடல்கள் எழுதியிருந்தான். அவன் பாட்டில் வருவன உடலற்ற, தூய ஆவி வடிவங்கள். அவள் கண்முன் நிற்பனவோ தசையும் நரம்பும் திரண்ட, நாணமறியா உடல்கள். தான் பொன்போற் போற்றிவந்த பாட்டு பொய்யாயிற்றே என்னும் திகைப்பு அவள் முகத்தில் தோன்றுகிறது. காமிரா சிலைகளைச் சுற்றிச் சுற்றி வந்து, மீண்டும் மீண்டும் அம்முகத்திற்கே திரும்புகிறது. பேச்சு மிகக் குறைவு. பெர்க்மன் அம்மையாரின் நடிப்புக்கு இவ்வொரு பகுதியே போதிய சான்றாகும்.

அடுத்து, கூமே என்னும் பண்டைய கிரேக்கக் குடியிருப்பு. சிபில் என்னும் குறிசொல்லி இருந்த குகையென 1932-இல் அகழ்வாராய்ச்சியாளர் மையூரி அறிவித்த நீண்ட சுரங்கவழி அங்குள்ளது. அது போர்க்காப்புக்காக வெட்டப்பட்டதே என்று கருதும் அறிஞரும் உளர். அங்குள்ள வழிகாட்டி, முற்காலத்தில் படையெடுத்து வந்தோர் இவளைப் போன்ற அழகியை எப்படிக் கட்டி வைத்திருப்பர் என்று காட்டுவான்போல் அவள் கைகளைப் பற்றுகிறான். அவள் சினந்து விலகுகிறாள். தனியே செல்லும் பெண்ணுக்குச் சரித்திர ஸ்தலமும் பத்திரமான இடமன்று என்பதை இயக்குநர் ஒரு நொடியில் உணர்த்திவிட்டார். ஆண்மகன் எழுதும் பிரயாண நூல்களில் இவ்விஷயம் எங்கேனும் வருவதுண்டா? கோபுரத்தின் உயரமும் தூணின் எண்ணிக்கையும் வரும். கையைப் பற்றியவனைப் பற்றி ஒரு வரி வாராது. பெண்ணின் கண்கொண்டு ஊரைப் பார்த்ததே இப்படத்தின் முதற் சிறப்பென்பது நமது அபிப்பிராயம்.

இவ்விடங்களுக்குக் காரில் செல்லுங்கால் தெருவில் அவள் காண்பன யாவை? கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், சவ ஊர்வலம். பிறப்பும் இறப்பும் அவள் காரின் கண்ணாடிக்கு அப்பால் நடந்து செல்கின்றன. பிள்ளையில்லாத அவள் கண் பிள்ளைத்தாய்ச்சிகள்மேல் விழுந்தவண்ணமே இருக்கிறது. எனினும் இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நேப்பிள்ஸ் மாந்தர் இப்படத்தில் பெரும்பாலும் காட்சிப் பொருள்களாகவே வருகின்றனர். அத்தெருப் பெண்களுள் ஒருத்தியேனும் காதரினிடம் வாய்திறந்து பேசினாளில்லை. 1945-இல் 'ரோம், திறந்த நகரம்' என்னும் படத்தில் எளிய மக்களையே நாயகராக்கிக் காட்டிய அதே ரோசெல்லினி, இங்கே அவர்களைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார். அது காதரினின் கண்பார்வைக் குறையே, இயக்குநரின் குறையன்று என்று வாதிப்பாருமுளர். அவ்வாதத்தை ஓரளவே ஒப்புவோம்.

பொன்டனெல்லே என்னும் எலும்புக் குகைக்கும் காதரின் செல்கிறாள். 1656-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மாண்டவர் உள்ளிட்ட பெயரறியாப் பலரின் எலும்புகள் அங்கே குவிந்துள்ளன. அந்நகரத்தார் மண்டையோடுகளைத் தத்தெடுத்துத் துடைத்துப் பேணி, அவற்றிடம் வேண்டுதல் செய்து வந்தனர். காதரினை அழைத்துச் சென்ற தோழியும் குழந்தை வரம் வேண்டியே அங்கு மண்டியிடுகிறாள். இவ்வழிபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபையே 1969-இல் தடுத்து நிறுத்திற்று என்பது நேயர்கள் அறியத்தக்கது. ஆனால் இயக்குநர் இக்காட்சியில் எள்ளவும் இல்லை, ஏத்தவும் இல்லை. துயருற்றார் எதனைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர் என்று மட்டும் காட்டுகிறார். மூடப்பழக்கத்தைக் கண்டிக்கும் நாம், அப்பழக்கத்தின் அடியில் கிடக்கும் துயரத்தைக் காண மறத்தல் கூடாது. இதனை ஒரு பாடமாகவே கொள்ளலாம்.

இதற்குள் தம்பதிகளிடையே பிணக்கு முற்றி, விவாகரத்து என்னும் சொல் பிறந்துவிடுகிறது. அந்நேரத்தில் நண்பர் ஒருவர் வந்து, பொம்பெயி நகரில் அரியதோர் அகழ்வு நடைபெறுவதாகவும் உடனே வரவேண்டுமென்றும் இருவரையும் அழைத்துப் போகிறார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதையுண்ட நகரம் அது. 1748-இல் அதனைத் தோண்டத் தொடங்கினர். சாம்பல் இறுகியபின் உள்ளிருந்த உடல்கள் மக்கிப்போய், அவற்றின் வடிவம் வெற்றிடமாக எஞ்சியது. அவ்வெற்றிடத்தில் சுண்ணச் சாந்தைக் கரைத்து ஊற்றி, அஃது இறுகியதும் சுற்றியுள்ள மண்ணை அகற்றினால், இறந்தார் இறந்த கோலத்திலேயே வெளிப்படுவர். இம்முறையை 1863-இல் வகுத்தவர் பியொரெல்லி என்னும் அறிஞர். படத்தில் தொழிலாளர்கள் மண்ணைச் சிறிது சிறிதாக நீக்குகின்றனர். முதலில் ஒரு கை, பிறகு ஒரு கால், பின்னர்த் தலை. ஈற்றில் அருகருகே கிடக்கும் ஆணும் பெண்ணும் வெளிப்படுகின்றனர். காதரின் தாங்கமாட்டாது அழுதுகொண்டு அகல்கிறாள். அலெக்ஸின் நெஞ்சும் அசைந்தேயிருக்கிறது. கலக்கம் இருவர்க்கும் பொதுவாயினும், அதனைப் பகிர்ந்துகொள்ளும் மொழி எட்டாண்டுகளில் அவர்கட்குப் பழகவில்லை. மீண்டும் ஏளனச் சொற்களே வாயில் வருகின்றன.

இங்கு நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்சிசாலையும் கூமேயும் அவள் கணவனின்றிக் கண்டவை. காப்ரி அவன் மனைவியின்றிக் கண்டது. இருவரும் சேர்ந்து நின்று பார்த்த பழம்பெரும் இடம் பொம்பெயி ஒன்றுதான். அங்குதான் இருவர் மனமும் ஒருங்கே அசைகின்றது. படத்தின் திருப்பம் இதுவேயென்று துணிந்து கூறுவோம்.

அவ்வுருவங்கள் கணவனும் மனைவியுமே என்று காதரின் கொள்கிறாள். காண்போரும் அவ்வாறே கொள்கின்றனர். ஆனால் 2024-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி நமக்கு வேறொன்றைச் சொல்லுகிறது. அந்நகரில், பொன்வளை யணிந்து மடியில் குழந்தையுடன் காணப்பட்ட உருவத்தைத் தாயென்றே நெடுங்காலம் நம்பி வந்தனர். அஃது ஓர் ஆண்மகன் என்றும், அக்குழந்தைக்கு உறவினன் அல்லன் என்றும் இப்போது தெளிவாயிற்று. தழுவிக் கிடந்த வேறிருவரைச் சகோதரிகள் என்றோ, தாயும் மகளும் என்றோ கூறி வந்தனர். அவருள் ஒருவரேனும் ஆண் என்பது புலனாயிற்று. சுண்ணச் சாந்து வடிவத்தைத் தந்ததே யன்றி, உறவைத் தரவில்லை. உறவைப் பார்ப்பவர் தம் மனத்திலிருந்தே கொண்டுவந்து வைத்தனர். காதரின் வைத்ததும் அவள் ஏக்கமே. இவ்வறிவு படத்தின் மதிப்பைக் குறைப்பதாக நாம் எண்ணவில்லை. அவள் அழுகையின் பொருளை இன்னும் தெளிவாக்குகிறது.

இனி முடிவுக்கு வருவோம். பொம்பெயியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சமய ஊர்வலம் காரை மறித்துவிடுகிறது. இருவரும் இறங்கி நிற்கின்றனர். திடீரென "அற்புதம்! அற்புதம்!" என்ற கூக்குரல் எழ, ஜனத்திரள் முண்டியடித்து ஓடுகிறது. காதரின் கூட்டத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கணவன் பெயரைக் கூவியழைக்கிறாள். அவன் பாய்ந்து சென்று அவளைப் பற்றுகிறான். இருவரும் தழுவி, அன்பைச் சொல்லி, பிரிவதில்லை யென்று தெளிகின்றனர்.

இதனைத் தெய்வ அருளின் செயலென்று போற்றும் விமர்சகர் பலர். நாம் அவர்களோடு உடன்பட இயலாது. அக்கூட்டத்தில் ஒருத்தி அழைத்தாள், ஒருவன் ஓடிவந்தான். இதற்கு அற்புதம் எதுவும் வேண்டியதில்லை; இஃது மனிதச் செயல். ஆயினும் இது தீர்வாகுமா? குழந்தையைப் பற்றிய ஏக்கம், மாண்ட கவிஞனின் நினைவு, அவனது இறுமாப்பு, அவளது தனிமை இவற்றுள் ஒன்றைக் குறித்தேனும் அவர்கள் அமர்ந்து பேசினார்களில்லை. கூட்டத்தில் தொலைந்துபோவோமோ என்னும் அச்சம் இருவரைத் தழுவச் செய்யும். மறுநாட் காலை காருக்குள் விழும் மௌனத்தை அவ்வச்சம் போக்கிவிடாது. பொம்பெயியில் விதைத்ததை வளர்த்து அறுவடை செய்யவேண்டிய இயக்குநர், அவசரப்பட்டு ஓர் ஊர்வலத்தின் கையில் அப்பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். இதுவே இப்படத்தின் பெருங்குறை. காமிரா முடிவில் தம்பதிகளை விட்டு விலகிக் கூட்டத்தின்மேல் செல்வதைக் காணும்போது, அவர்க்கும் இவ்வணைப்பில் முழு நம்பிக்கை யில்லையோ என்று ஐயுறுகிறோம்.

குறை கூறினோமெனினும், இப்படத்தைப் பார்க்க வேண்டாமென்று கூறோம். அவசியம் பார்க்க வேண்டுமென்றே வற்புறுத்துவோம். நம்மவருள் இன்று கணவனும் மனைவியுமாக நாடு பல சுற்றி வருவோர் தொகை பெருகியிருக்கிறது. கோயிலின் முன்னும் கோட்டையின் முன்னும் நின்று படம் பிடித்துக்கொண்டு, "எல்லாம் பார்த்தாயிற்று" என்று திரும்புகின்றனர். அங்கே தன் மனைவி எதைக் கண்டு நின்றாள், எதைக் கண்டு முகம் வாடினாள் என்று கேட்ட கணவர் எத்தனை பேர்? கேட்டால் சொல்லத்தக்க உரிமையும் துணிவும் பெற்ற மனைவியர் எத்தனை பேர்? அலெக்ஸ் காதரினைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்படத்தைத் தம்பதிகள் சேர்ந்திருந்தே பார்க்க வேண்டுகிறோம். பார்த்து முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போகாமல், ஒருவரையொருவர் அக்கேள்வியைக் கேட்பார்களாக.