வியப்பும் மெய்ம்மையும்: 'சூப்பர் டீலக்ஸ்' பற்றிய சுவைஞர் கருத்துகள்

தியாகராஜன் குமாரராஜாவின் இயக்கத்தில் 2019ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் வெளிவந்த 'சூப்பர் டீலக்ஸ்', சுவைஞரை இரு கூறாகப் பிரித்த தமிழ்த் திரைப்படங்களுள் ஒன்றாகும். முன்னாட் காதலன் தன் இல்லத்திலேயே இறந்துபட, அவனுடலை மறைக்கக் கணவனோடு அலைகின்றாள் வேம்பு. பல்லாண்டு பிரிந்திருந்த ஷில்பா, திருநங்கையாய் மனைவியிடமும் மகனிடமும் மீள்கின்றாள். தன் தாயை ஆபாசப் படமொன்றில் கண்ட சிறுவன் கொதித்தெழுகின்றான். இவர்களை அலைக்கழிப்பது வேட்கை. இவர்கள் வேண்டி நிற்பதோ உறவு. இவர்கட்கிடையே வேற்றுலகப் பெண்ணொருத்தியும் வந்து தோன்றுகின்றாள்.

அவ்வேற்றுலகப் பெண்ணின் வரவு கதைக்குப் பொருந்தாதென்பது சுவைஞர் சிலரின் குறை. தொல்காப்பியர் புலனெறிக்கு நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் அடிப்படையாகக் கொண்டார். நாடக வழக்கில் வியப்புக்கு இடமுண்டு. அடம்பனைச் சூழ்ந்த மாதோட்டப் பகுதியின் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளில் வானதூதர் மேடையேறுங்கால், அவர் எவ்வாறு வந்தார் என எவரும் வினவுவதில்லை. எதற்கு வந்தார் என்பதே அவையோர் நோக்குவது. வேற்றுலகப் பெண்ணையும் அவ்வாறு நோக்குதலே தகும். அவள் மனிதரின் ஒழுக்க அளவுகோல்களைப் புறத்தே நின்று காணும் கண்ணாக அமைகின்றாள். ஆதலின் இக்குறை வலுவுடையதன்று.

திருநங்கையர் சிலர் எழுப்பிய மறுப்போ வேறு வகையது. ஷில்பா முன்னர்க் குழந்தைகளைக் கவர்ந்து இரவற்கூட்டத்தாரிடம் ஒப்படைத்தவள் எனப் படம் கூறுகின்றது. ஒரு பாத்திரத்தின் குற்றம் ஓரினத்தின் குற்றமாகாது என்பர் படத்தின் சார்பினர். பொதுவிதியாக அது மெய்யே. ஆயினும், தமிழ்த்திரை நெடுங்காலம் திருநங்கையரைப் பெரும்பாலும் நகைப்புப் பொருளாகவே காட்டி வந்தது. பலவாறான உருவங்கள் இல்லாதவிடத்து, வரையப்படும் ஓருருவமே அனைவரின் சாயலாகக் கொள்ளப்படும். குழந்தை கவர்வோர் என்னும் பழி அவர்கள்மீது தெருவிலும் சுமத்தப்படுவது. எனவே இஃது உலகியல் வழக்கின்பாற்பட்ட வினா. வியப்பின் பெயரால் இதற்கு விடையிறுத்தல் இயலாது. ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்கு 67ஆவது தேசிய விருதுகளுள் சிறந்த துணைநடிகர் விருது கிடைத்தமையும் இதற்கு விடையாகாது. நடிப்பின் செம்மை வேறு, சித்திரத்தின் நேர்மை வேறு.

இம்மறுப்பினால் படம் முழுவதும் வீழ்ந்துபடுமோ எனின், அன்று. தந்தை எவ்வுருவில் வரினும் தன்னைப் பிரியாதிருந்தாற் போதும் என நிற்கும் இராசுக்குட்டியின் அன்பு, படத்தின் ஏனைய புதுமைகள் யாவற்றினும் உயர்ந்தது. அவ்வன்பை அத்துணை நுட்பமாகக் கண்ட படைப்பே, அன்புக்குரியவளின் இறந்தகாலத்தைப் பழகிய பழியொன்றினால் நிரப்பியது என்பதுதான் வருந்தத்தக்கது. தமக்கு விளங்காமையால் குறை கூறுவோரையும், தம் வாழ்வு திரிக்கப்பட்டமையால் குறை கூறுவோரையும் ஒரே தட்டில் நிறுத்தல் நடுவுநிலைமை ஆகாது. முன்னவர்க்குப் படத்தை விளக்கிக் கூறலாம்; பின்னவர் கூறுவதைப் படைப்போரே கேட்டல் வேண்டும்.