பதுகம்மாப் பாடல்களும் தமிழ் மொழிபெயர்ப்பும்

உழைக்கும் மக்களின் பொழுதுபோக்கு அவர்தம் உழைப்பினின்று வேறானது என்னும் கருத்து, நாட்டுப்புறப் பாடல்களை மொழிபெயர்ப்போரைப் பல இடங்களில் வழிதவறச் செய்கிறது. தெலங்கானாவின் பதுகம்மாப் பாடல்கள் இதற்குத் தக்க சான்று. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செரு உள்ளிட்ட ஊர்களில், மகாளய அமாவாசை தொடங்கி ஒன்பது நாள் பெண்கள் பூக்களை அடுக்கடுக்காக அமைத்து, அவற்றைச் சுற்றிக் கைகொட்டிப் பாடுவர்.

இவ்வடுக்கில் சிறப்பிடம் பெறுவன தங்கேடு, குனுகு என்னும் இரு பூக்கள். தங்கேடு தமிழில் ஆவாரம்பூ. பொங்கல் காப்புக்கட்டில் அதற்கு இடமுண்டாதலின் பெயர்ப்பதில் இடர்ப்பாடு இல்லை. குனுகு அவ்வாறன்று. சோளக் கொல்லையில் தானே முளைக்கும் களை அது. கூலிப் பெண்கள் பிடுங்கி எறியும் செடியின் பூவே விழாவில் தெய்வ வடிவாக உயர்கிறது. அதற்குரிய தமிழ்ப்பெயர் பண்ணைக்கீரை. தாவரவியல் நோக்கில் இது பிழையற்றது. எனினும் இப்பெயர் அடுக்களையை நினைவூட்டி வயலை மறைத்துவிடுகிறது. குனுகு என்றே நிறுத்தி, முதலிடத்தில் மட்டும் 'களைப்பூ' என விளக்குதல் பொருந்தும்.

அடிதோறும் வரும் 'உய்யாலோ' என்னும் இசைச்சொல்லும் நோக்கத்தக்கது. உய்யால என்பது ஊஞ்சல். ஆயினும் பாடலில் இச்சொல்லின் பொருளினும் பணியே முதன்மையானது. ஒருத்தி அடியெடுக்க ஏனையோர் இதனைச் சொல்லிச் சேர்வர். அவ்விடைவெளியில் முன்பாடுபவள் அடுத்த அடியை நினைவுகூர்வாள். 'ஊஞ்சலே' எனப் பெயர்த்தால் பொருள் திரியும். 'ஏலேலோ' என மாற்றினால் நடவோ படகோ தோன்றும். பொருளற்றதென நீக்கினால், கூட்டுப்பாடல் தனியொருவர் கவிதையாகிவிடும். எனவே அச்சொல்லை அடிதோறும் அவ்வாறே தருதல் வேண்டும்.

'கும்மி' என்னும் நிகரனும் கைகொட்டலை மட்டுமே உணர்த்தும், பூவடுக்கை உணர்த்தாது.

இவை சிறு நுணுக்கங்கள் அல்ல. 1972இல் இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பட்டான்செருவில் தோன்றியது. சோளமும் கம்பும் அங்கு ஆய்வுப்பொருளாயின. சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருக, பயிர்நிலம் சுருங்கியது. 2014இல் பதுகம்மா மாநில விழாவாக அறிவிக்கப்பட்டது. பாடல்கள் அரசு மேடைகளிலும் ஒலிக்கலாயின. களை பிடுங்கிய கைகளின் நினைவு இன்று பெரிதும் இச்சொற்களிலேயே எஞ்சியுள்ளது. அவற்றை அழகுபடுத்தும் மொழிபெயர்ப்பு, பாடலைக் காத்துப் பாடியவரை இழந்துவிடும்.