மதுரை வீதிகள்: தாமரையா, தேர்த்தடமா?

மதுரையைப் பற்றி எழுத வருகிற எவரும் முதல் பத்தியிலேயே தாமரையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கோயில் பொகுட்டாம், வீதிகள் இதழ்களாம். விசுவநாத நாயக்கர் சிற்ப சாத்திரப்படி ஒரே மூச்சில் வகுத்த நகரமாம். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் இதில் பாதிகூடத் தேறாது.

தாமரை உவமை பரிபாடல் திரட்டில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே பொகுட்டாக வருவது பாண்டியனின் அரண்மனை என்றே பொருள் கொள்ளப்படுகிறது. அந்த ஊரின் தெருக்கள்தாம் இன்றைய தெருக்கள் என்பதற்கும் சான்றில்லை.

வடிவத்துக்கு வருவோம். கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி: இரண்டும் நூல் பிடித்தாற்போல் நேரானவை. ஆவணி மூல வீதியில் அந்த ஒழுங்கு தளர்கிறது; மாசி வீதியில் வளைவு நெளிவு கண்கூடு. போதாக்குறைக்கு, திருமலை நாயக்கர் தம் மகாலை நடுவில் அல்ல, மாசி வீதிகளுக்கும் அப்பால் தென்கிழக்கில் கட்டினார்.

அதற்கும் வெளியே போனால் வாதம் அடியோடு சரிகிறது. வெளி வீதிகள் நாயக்கர் வகுத்தவையே அல்ல. கலெக்டர் பிளாக்பர்ன் 1840களையொட்டிக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்ததால் கிடைத்தவை. அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப்பெயர்களாக இன்னும் வாழ்கிறார்கள். 72 கொத்தளங்கள் கொண்ட கோட்டையில் பெரியார் பேருந்து நிலையத்தருகே ஒரு வாசல் மிஞ்சியது.

அப்படியானால் இந்த வீதிகளைக் கட்டிக் காத்தது எது? தேர். மாசியில் ஓடிய தேரைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபு. மாதம் மாறியது, தடம் மாறவில்லை. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதியில்தான் ஓடுகிறது. தேர் போக வேண்டிய அகலத்தை ஆண்டுதோறும் விட்டுவைத்தாக வேண்டும். இந்தக் கட்டாயத்தை எந்தச் சாத்திர நூலும் தந்திருக்க முடியாது. விழாக்கூட்டம் வந்த வழியில் வணிகமும் வேர்விட்டது: தெற்காவணி மூல வீதியில் நகை, கீழமாசி வீதியில் பலசரக்கு, விளக்குத்தூண் பக்கம் ஜவுளி.

தாமரை நல்ல கவிதை; நகர வரலாறாக அதை ஏற்க முடியாது. சித்திரை வீதியில் கல் பாவி அழகு பார்ப்பது இரண்டாம் வேலை. தேர் திரும்பும் மாசி வீதி முனைகளை ஆக்கிரமிப்பிலிருந்து காப்பதே மாநகராட்சியின் முதல் கடமை.